பிள்ளைகள் குறைவது ஏன்? யாழ்ப்பாணம் நமக்குச் சொல்லும் பாடம்



அளவான குடும்பம், பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி, கர்ப்பிணித் தாய்மாரின் சாப்பாடு என்று பல விடயங்களை நாங்கள் லயத்துக்கு லயம் வந்து பேசியிருக்கிறோம். நீங்களும் கேட்டு நடந்திருக்கிறீர்கள். இப்போது ரேடியோவிலும் டீவியிலும் வேறொரு பேச்சு அடிபடுகிறது. நாட்டில் பிறப்பு குறைந்துவிட்டதாம். பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் இல்லையாம். வயதானவர்கள் கூடிவிட்டார்களாம். இதைக் கேட்டுவிட்டு, "அன்னைக்குக் கூடப் பெத்தா குத்தம்னாங்க, இன்னைக்குக் கொறையப் பெத்தா குத்தமா?" என்று நம் பெண்கள் பலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பிறப்பு எதனால் குறைகிறது, குறைந்தால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நல்ல உதாரணமாக நம் நாட்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. அது யாழ்ப்பாணக் குடாநாடு. என் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். லீவுக்குப் போகும்போதெல்லாம் நான் கண்ணால் பார்ப்பதையும், அரசாங்கக் கணக்குகள் சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

இலங்கையில் 2019ஆம் ஆண்டு பதிவான பிறப்புகள் ஏறக்குறைய 3 இலட்சத்து 19 ஆயிரம். 2024இல் அது 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஐந்தே வருடத்தில் ஒரு இலட்சம் பிள்ளைகள் குறைவு. 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தார்கள். 2024இல் அது நூற்றுக்கு 12 பேருக்கு மேல் போய்விட்டது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 2012இல் நாலில் ஒரு பங்கு. இப்போது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டளவில் உலகத்தில் ஒரு பெண் சராசரியாக 5 பிள்ளைகள் பெற்றாள். இன்று 2க்குச் சற்று மேல்தான். நைஜர், சாட், சோமாலியா போன்ற சில ஆபிரிக்க நாடுகளில் இன்னும் 6 பிள்ளைகள் வரை பிறக்கிறார்கள். ஜப்பானில் 2024இல் ஒரு பெண்ணுக்கு 1.15. தென் கொரியாவில் 2023இல் 0.72. அதாவது அங்கே நூறு பெண்களுக்கு 72 பிள்ளைகள். நமக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டிலும் 2க்குக் கீழேதான்.

சரி, எத்தனை இருந்தால் ஜனத்தொகை குறையாமல் நிற்கும்? அதற்கு 2.1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தாய் தகப்பன் இரண்டு பேர் போனால் அந்த இடத்துக்கு இரண்டு பேர் வர வேண்டும். பிறக்கும் பிள்ளைகளில் ஆண்கள் கொஞ்சம் அதிகம். பெரியவராகும் முன் இறந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. அதற்காகத்தான் அந்த மேலதிகப் புள்ளி ஒன்று.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பிறப்பு குறைந்த அன்றைக்கே ஜனத்தொகை குறைவதில்லை. ஒரு தேயிலை மலையில் செத்த செடிக்குப் பதில் கன்று நடாமல் விட்டால் என்ன ஆகும்? முதல் சில வருடம் ஒன்றும் தெரியாது. பழைய செடிகள் கொழுந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். கிலோவும் வந்துகொண்டிருக்கும். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் மலை முழுக்கச் சொட்டையாய்க் கிடக்கும். அப்போது அவசரமாகக் கன்று நட்டாலும் அடுத்த நாள் கொழுந்து எடுக்க முடியுமா? ஜனத்தொகையும் அப்படித்தான். பிறப்பு குறைந்த விளைவு ஒரு தலைமுறை கழித்துத்தான் தெரியவரும்.

யாழ்ப்பாணத்தை ஏன் பார்க்க வேண்டும்?

1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் ஏறக்குறைய 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். இதே காலத்தில் முழு இலங்கையின் ஜனத்தொகை ஒரு கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாகக் கூடியிருக்கிறது. நாடு 55 இலட்சம் கூடியபோது குடாநாடு ஒன்றரை இலட்சம் குறைந்தது.

இதற்கு முழுக் காரணமும் பிறப்பு குறைந்தது என்று சொன்னால் பொய். யுத்தமும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும்தான் பெரும் காரணம். ஆனால் போனவர்கள் பெரும்பாலும் இளம் வயதுக்காரர். அவர்கள் பெற வேண்டிய பிள்ளைகளும் அவர்களோடு போய்விட்டார்கள். அதனால் மற்ற ஊர்கள் இன்னும் இருபது, முப்பது வருடத்தில் காணப்போவதைக் குடாநாடு இன்றைக்கே காண்கிறது. நம் தோட்டங்களிலும் இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தின் கதை நமக்கு வெகு தூரத்துக் கதை அல்ல.

சந்தோஷமான காரணங்கள்

பிறப்பு குறைந்ததற்கான காரணங்கள் எல்லாமே கெட்டவை அல்ல. நல்ல காரணங்களை முதலில் சொல்கிறேன்.

ஒன்று, பிள்ளைகள் சாகாமல் பிழைத்தது. 1946இல் நம் நாட்டில் ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் 141 பேர் ஒரு வயது ஆகுமுன் இறந்தார்கள். பத்துப் பெற்றால் ஐந்தாறுதான் மிஞ்சும் என்று நம் பாட்டிமார் கணக்குப் போட்ட காலம் அது. அதற்குப் பிறகு மலேரியாவுக்கு டி.டி.ரி. மருந்து அடித்தார்கள், இலவச வைத்தியம் வந்தது, மிட்வைப்மார் வீடு வீடாகப் போனார்கள், தடுப்பூசி வந்தது. இன்று அந்த 141 என்ற எண்ணிக்கை பத்துக்கும் கீழே. யாழ்ப்பாணத்தில் இந்த வேலை இன்னும் முந்தியே ஆரம்பித்தது. அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1840களின் கடைசியில் மானிப்பாயில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் வந்தது. பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தால் தாய் எட்டுப் பத்துப் பெறத் தேவையில்லை.

இரண்டு, பெண்பிள்ளைகள் படித்தது. உடுவிலில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் 1824இலேயே தொடங்கிவிட்டது. நம் முன்னோர்கள் கோப்பிக் காட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த அதே காலகட்டம் அது. 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகு படிப்பு எல்லா ஊருக்கும் பரவியது. படிக்கிற பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் கல்யாணம் பேச மாட்டார்கள். இலங்கைப் பெண்களின் சராசரிக் கல்யாண வயது 1901இல் 18. 1981இல் 24. கல்யாணம் ஆறு வருடம் பிந்தினால் இரண்டு மூன்று பிரசவம் தன்னாலே குறைந்துவிடும்.

மூன்று, பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு எடுக்க வழி கிடைத்தது. குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. 1965இலிருந்து அரசாங்கமே அதை ஒரு வேலைத்திட்டமாக எடுத்து நடத்தியது. ஒவ்வொரு வருடமும் பிரசவம், ஒவ்வொரு பிரசவத்திலும் உயிர்ப் பயம் என்றிருந்த நிலை மாறியது.

இந்த மூன்றும் நாம் பாடுபட்டுச் சம்பாதித்தவை. பிறப்பைக் கூட்ட வேண்டும் என்பதற்காக இவற்றில் ஒன்றைக்கூடக் கைவிடக் கூடாது.

கஷ்டமான காரணங்கள்

இனி மற்றப் பக்கம். யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டப்படியும் ஊர் வழக்கப்படியும் பெண்ணுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும். காணியும் வீடும் பெண்ணோடு போகும். அங்கே காணியைப் பரப்புக் கணக்கில் அளப்பார்கள். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஒரு ஏக்கர் காணி உள்ளவருக்கு நாலு பெண்பிள்ளைகள் என்றால் ஆளுக்கு நாலு பரப்பு. அவர்களுக்கும் நாலு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு பரப்பு. வீடு கட்டினால் கிணறு வெட்ட இடமில்லை. ஆகவே இரண்டு பிள்ளைகள் போதும் என்று பலர் முடிவு எடுத்ததில் ஆச்சரியம் இல்லை. சீதனம் சேரும் வரை கல்யாணமும் பிந்தியது. சிலருக்கு நடக்காமலே போனது.

அடுத்தது படிப்புச் செலவு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை ரியூஷன் இல்லாமல் முடியாது என்ற நிலைமை. ஒரு பிள்ளையை ஆளாக்கும் செலவு தகப்பனின் சம்பளத்தில் பாதியை விழுங்கினால், மூன்றாவது பிள்ளையைப் பற்றி யார் யோசிப்பார்? 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட நூற்றுக்கு எழுபது அளவு ஏறியிருந்தது. பால்மாவுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில் கல்யாணத்தையும் பிள்ளையையும் தள்ளிப்போட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள்.

மூன்றாவது யுத்தம். 1983 கலவரத்துக்குப் பிறகு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். 1990இல் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது. 2009இல் யுத்தம் முடியும்போது புருஷனை இழந்த பெண்கள் வடக்கு கிழக்கில் பல்லாயிரம் பேர். கல்யாண வயதில் இருந்தவர்கள் சிலர் செத்தார்கள், சிலர் காணாமல் போனார்கள், மிச்சப் பேர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று போனார்கள். இன்று யாழ்ப்பாணத்துப் பேரப்பிள்ளைகள் ஆயிரமாயிரமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிறந்தது கனடாவில்.

விளைவு என்ன?

தீவுப்பகுதிக்குப் போனால் கண்ணால் காணலாம். புங்குடுதீவில் நல்ல கல்வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் கூரை இறங்கி, உள்ளே மரம் முளைத்திருக்கிறது. கோயில்கள் மட்டும் வெளிநாட்டுக் காசில் புதுக் கோபுரத்தோடு நிற்கின்றன. திருவிழாவுக்குச் சனம் பிளேனில் வரும். பத்து நாள் கழித்துத் தேர் இழுத்த வீதியில் ஆடு மாடுதான் நிற்கும்.

பள்ளிக்கூடம்: பிள்ளைகள் போதாமல் மூடிய பள்ளிக்கூடங்கள் அங்கே உண்டு. இன்று இலங்கை முழுவதிலும் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத பாடசாலைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பிள்ளை குறைந்தால் ஆசிரியரைக் குறைப்பார்கள். ஆசிரியர் குறைந்தால் மிச்சப் பிள்ளைகளையும் பெற்றோர் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். டவுனுக்கு அனுப்ப வசதியில்லாத ஏழைப் பிள்ளைதான் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சும். பிறப்பு குறைவதால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளை.

தொழில்: தோட்டம் கொத்த ஆள் இல்லை, வெங்காயம் கிண்ட ஆள் இல்லை, பனை ஏற ஆள் இல்லை என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். (யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் தேயிலை அல்ல, மிளகாய், வெங்காயம், புகையிலை போடும் நிலம்.) நம்மிடமும் அதே கதைதான். 1990களில் கம்பெனித் தோட்டங்களில் 3 இலட்சத்துக்குக் கிட்டப் பேர் பதிந்து வேலை செய்தார்கள். இன்று அதில் பாதியும் இல்லை. நம்மிடம் குறைந்ததற்குக் காரணம் பிறப்பைவிட, சம்பளம் போதாமல் பிள்ளைகள் வெளியே போனதுதான். நீலகிரியைப் பாருங்கள். 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நம் உறவினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். இன்று நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து எடுக்க ஜார்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள். ஒரு காலத்தில் நம்மைக் கூட்டிவந்த மாதிரியே.

அரசியல்: பாராளுமன்றத்தில் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை உறுப்பினர் என்பது பெரும்பாலும் அங்கே பதிந்த வாக்காளர் தொகையைப் பொறுத்தது. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 உறுப்பினர்கள். 2010இல் 9. 2015இல் 7. 2024இல் 6. ஆட்கள் குறைந்தால் குரலும் குறைகிறது. இதை யாரும் அதட்டிப் பறிக்கவில்லை, கணக்குப் புத்தகத்தில் தானாகவே நடந்தது. பதினெட்டு வயதான பிள்ளைகளின் பெயரை வாக்காளர் இடாப்பில் போடாமல் சோம்பி இருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதியவர்: இதுதான் மனதை அதிகம் வருத்துவது. கைதடியில் அரசாங்க முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பிள்ளை இல்லாதவர்கள் அல்ல. ஊரில் ஒரு ஆச்சி என்னிடம் சொன்னார்: "பெத்தது அஞ்சு பிள்ளையள். அஞ்சும் வெளிநாட்டிலை. காசு மாசம் மாசம் வருது, குறையில்லை. காய்ச்சலெண்டு படுத்தா ஒரு மிடறு தண்ணி வாயிலை விட ஆள் இல்லை."

அந்த ஆச்சியின் பேச்சை நன்றாக யோசித்துப் பாருங்கள். அஞ்சு பிள்ளை பெற்றும் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே "நிறையப் பெத்துக்கிட்டா கடைசி காலத்துல பாத்துக்குவாங்க" என்பது இனி நம்பக்கூடிய கணக்கு அல்ல. பிள்ளைகள் ஊரிலேயே மரியாதையாகப் பிழைக்க வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அந்த வழி இல்லாத இடத்தில் பத்துப் பெற்றாலும் பத்தும் பஸ் ஏறிப் போய்விடும்.

காசு கொடுத்தால் பிள்ளை பிறக்குமா?

பல நாடுகள் இதை முயற்சி செய்து பார்த்துவிட்டன. சீனா 1980ஆம் ஆண்டளவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டம் போட்டது. மீறினால் தண்டம். கட்டாயக் கருக்கலைப்பும் நடந்தது. 2016இல் இரண்டு பெறலாம் என்றார்கள். 2021இல் மூன்று பெறலாம் என்றார்கள். ஆனாலும் 2022இலிருந்து அங்கே ஜனத்தொகை இறங்கத் தொடங்கிவிட்டது. தென் கொரியா பிள்ளை பெற்றால் காசு தருகிறது. இருந்தும் பிறப்பு பெரிதாக ஏறவில்லை. அங்கே வேலை நேரம் நீளம், வீட்டு விலை பயங்கரம், ரியூஷன் செலவு அதிகம், வீட்டு வேலை முழுக்கப் பெண்ணின் தலையில். ஒரு தடவை கொடுக்கும் காசு இருபது வருடச் சுமைக்குப் போதுமா?

தாய் வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையைப் பார்க்க நம்பிக்கையான இடம், சம்பளத்தோடு பிரசவ லீவு, வீட்டு வேலையில் கைகொடுக்கும் புருஷன். இந்த மூன்றும் இருந்தால்தான் பெண்கள் பயமில்லாமல் பிள்ளை பெறுகிறார்கள் என்று இன்று பெரிய நாடுகளில் பேசுகிறார்கள். இதில் முதலாவது நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது! நம்ம பிள்ளைக்காம்பராதான் அது. குறைபாடுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனாலும் கொழுந்துக்குப் போகிற தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போய், இடையில் வந்து பால் கொடுக்கும் ஏற்பாடு எத்தனையோ பெரிய நகரங்களில் இன்றைக்கும் கிடையாது. டிவிஷனில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பிள்ளைக்காம்பராவை மூடச் சொன்னால் பேசாமல் இருக்காதீர்கள். பத்துப் பிள்ளை இருந்தாலும் அது திறந்திருக்க வேண்டும். மூடினால் அடுத்த வருடம் ஐந்தாகிவிடும்.

முடிவு யாருடையது?

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1980இலிருந்து கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபாய். நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத்துப் பெண்ணுக்கு அன்றைக்கு அது பெரிய தொகை. மனம் விரும்பிச் செய்தவர்களும் உண்டு, காசுக்காகச் செய்தவர்களும் உண்டு, சரியான விளக்கம் கிடைக்காமல் செய்தவர்களும் உண்டு. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிக் கிராமங்களில் பெண்களுக்கு விளக்கம் சொல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைத்ததாகப் புகார் எழுந்தது. சுகாதார அதிகாரிகள் அதை மறுத்தார்கள். இன்னொன்று. 2018 வரைக்கும் மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவ லீவு 6 வாரம்தான். முதல் இரண்டுக்கும் 12 வாரம். அந்த வருடம் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 12 வாரம் என்று ஆக்கினார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நேற்று "குறை" என்று சொன்னவர்கள் நாளைக்கு "கூட்டு" என்று சொல்லக்கூடும். இரண்டும் மேலே இருந்து வரும் உத்தரவு. பிள்ளையைச் சுமப்பதும் வளர்ப்பதும் நீங்கள். ஆகவே ஒரு பிள்ளையா, மூன்றா, எப்போது என்ற முடிவு புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து, எல்லா விளக்கமும் கேட்டு எடுக்க வேண்டியது. நாடு கூப்பிட்டது என்று பெற வேண்டாம். காசு கொடுக்கிறார்கள் என்று நிறுத்தவும் வேண்டாம். பிள்ளை பிறக்காத பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுகிறவர்கள் கொஞ்சம் வாயை அடக்க வேண்டும். காரணம் ஆணிடமும் இருக்கலாம், இரண்டு பேரும் டொக்டரிடம் போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பிறந்த பிள்ளையை 42 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அடையாள அட்டை வரை எல்லாம் இழுபறிதான்.

2. பெண்பிள்ளையைப் படிப்பில் இருந்து நிறுத்தாதீர்கள். 16 வயது வரை படிப்பு சட்டப்படி கட்டாயம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வயதானவர்களைப் பார்க்க ஆள் தேடுகிறார்கள். "தோட்டப் பக்கம் ஒரு நல்ல பிள்ளை இருந்தால் சொல்லுங்கோ" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மற்ற ஊரில் பிள்ளை குறைந்த இடத்தை நிரப்ப நம் பள்ளிக்கூடப் பிள்ளையை அனுப்பக் கூடாது. வயது வந்த பெண் விரும்பிப் போனால் சம்பளம், லீவு, தங்கும் இடம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

3. கடைசிக் காலத்துக்குப் பிள்ளையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, கம்பெனி போடும் நூற்றுக்கு 12 சேர்ந்ததுதான் ஈ.பி.எப். அதற்கு மேல் ஈ.டி.எப். நூற்றுக்கு 3. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஈ.பி.எப். எடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தால் சேவைக்காலப் பணமும் உண்டு. அடையாள அட்டையில் உள்ள பெயரும் செக்ரோலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வேலையை விடும் நாளில் பார்த்தால் அலைச்சல்தான் மிச்சம். எடுத்த பணத்தை ஒரே கல்யாணத்தில் கரைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற பெரியவர்களை எல்லாத் தோட்டத்திலும் காண்கிறோம்.

4. கர்ப்பமானதும் மிட்வைப்பிடம் பதியுங்கள். எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வாரப் பிரசவ லீவு உங்கள் உரிமை. யாராவது குறைத்துச் சொன்னால் எங்களிடமோ தலைவரிடமோ வந்து சொல்லுங்கள்.

5. குடும்பத் திட்ட முறை எதுவானாலும், அது என்ன, எத்தனை வருடம், வேண்டாம் என்றால் எடுக்கலாமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எம்.ஓ.எச். கிளினிக்கில் இந்தச் சேவை இலவசம்.

6. ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பின்னேரம் மலையிலிருந்து இறங்கிய பெண்சாதி அடுப்பையும் பிள்ளையையும் தண்ணிக் குடத்தையும் தனியாகப் பார்க்கும் வீட்டில், அவள் இன்னொரு பிள்ளைக்குப் பயப்படுவது ஞாயம்தானே? ஒரு குடத்தை நீங்கள் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

7. லயத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று ஒரு கணக்கு எடுங்கள். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை யாராவது எட்டிப் பார்க்க முறை வையுங்கள். யாழ்ப்பாணத்தில் மதில் வைத்த பெரிய வீட்டுக்குள் ஆச்சி தனியாகக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. நமக்கு ஒரே சுவர். லயம் நெருக்கடியான இடம்தான், தனி வீடு நம் எல்லாருக்கும் வேண்டும். புது வீட்டுக்குப் போகும்போது அந்த எட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் கொண்டுபோங்கள்.

"கொறையப் பெத்தா குத்தமா?" என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். குத்தம் இல்லை. கூடப் பெற்றதும் அன்றைக்குக் குத்தமாக இருக்கவில்லை. பெற்ற பிள்ளை படிக்கவும், வளர்ந்த பிள்ளை இந்த மலையிலேயே தலைநிமிர்ந்து பிழைக்கவும், வயதான தாய் தகப்பன் கவனிப்பாரோடு இருக்கவும் வழி செய்யாமல் விடுவதுதான் குத்தம். அது தோட்ட நிர்வாகம், அரசாங்கம், தொழிற்சங்கம், எங்களைப் போன்ற சேமநல உத்தியோகத்தர்கள் எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

செக்ரோல் பெயர், பிறப்புப் பத்திரம், பிரசவ லீவு பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் அடையாள அட்டையோடு டிவிஷன் பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள். சேமநல உத்தியோகத்தர் வரும் நாளைப் பிள்ளைக்காம்பரா அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.